பின்பக்கக் குமிழ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மனசுதான் நேற்றிலிருந்து ஒரு நிலையில் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் வீடியோ பிளேயர் போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இனி இங்கே எதற்கு என்று பழைய டிவியைத் தையல்கார அக்கா தன் கடைக்குக் கேட்டாள். கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க, ரிப்பேருக்கு வந்து சரியாகிவிட்ட வேறொரு பிளேயரை அப்பா மாட்டினார். படம் நிற்காமல் மேலே மேலே உருண்டது, அன்று நீயே செய்த வீடியோ விளையாட்டை இதே டிவியில் மாட்டிக் காட்டியபோது உருண்டதே, அச்சாக அதே மாதிரி. அப்பா பின்பக்கம் கைவிட்டு ஒரு குமிழைத் திருகினார், கால் சுற்றுகூட இருக்காது, படம் ஆணியடித்தாற்போல நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நம் பிளேயர் ஆரம்பத்திலிருந்தே கோளாறாம், அதற்குத் தோதாக அவரேதான் எப்போதோ அந்தக் குமிழைத் திருகி வைத்தாராம், அதனால் சரியாக இருக்கிற எதை மாட்டினாலும் படம் உருளுமாம், அதைச் சுத்தமாக மறந்துவிட்டாராம். ஊரார் டிவியையெல்லாம் குடைகிற மனுஷன், சொந்த டிவியைச் சந்தேகப்படவே இல்லை.

பாப்பாவோட விளையாட்டு அட்டை எங்க என்று கேட்டார். பொத்தான் டப்பாவில் வைத்திருந்தேன். மைக்ரோகன்ட்ரோலர் என்பாயே, அந்த ஒரு சிப்பும் இரண்டு ரெசிஸ்டரும்தான். மாட்டியதும் இரண்டு வெள்ளைக் கட்டை, நடுவில் ஒரு பந்து, இம்மிகூட ஆடவில்லை. படத்தை ஒவ்வொரு வரியா எண்ணித்தான்பா டிவிக்கு அனுப்புறேன், கணக்கு தப்பாதுப்பா என்று அன்று நீ அழாத குறையாகச் சொன்னாய். முன்னறைக் கடையில் நாலு வாடிக்கையாளர் பார்க்க, டிவி பொய் சொல்லாதும்மா, எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்தத் தொழில் என்றார் அவர். நான் பேசாமல் நின்றேன், அது இப்போதுதான் எனக்குச் சுடுகிறது. ஒரு குமிழுக்காகவா பெண்ணைத் தொலைதூரத்தில் மருந்துக் கிடங்கில் பெட்டி எண்ண அனுப்பிவிட்டு, இரண்டு வருஷம் அவர் குரலைக்கூட உன்னைக் கேட்க விடாமல் இருந்தோம்?

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, உனக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்து ஒரு கட்டையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார், மறுபக்கக் கட்டை சும்மா நிற்க, தனக்குத்தானே ஜெயித்தார். அப்புறம் எழுந்து, ரிப்பேர் ஆன டிவியில் கட்டுகிற சீட்டு ஒன்றை எழுதி நம் டிவியில் கட்டினார். பழுது என்ற இடத்தில் மெக்கானிக் என்று எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் கையெழுத்து என்ற இடத்துக்கு நேரே உன் பெயர். ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாம நம்ம கடையிலேருந்து எதுவும் போகாது என்று தையல்கார அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவள், வாய்விட்டுக் கேட்ட எனக்கு இல்லையா என்று முறைத்துக்கொண்டு போனாள்.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை, உன் கோபம் உன்னுடையது. கண்ணாடி போடாமல் அந்த இருட்டுக் கிடங்கில் வேலை பார்க்காதே. எண்ணத் தெரிந்த என் மகள் நீடூழி வாழ வேண்டும். டிவி முன்னறையிலேயே இருக்கிறது, நான் தூசி மட்டும் தட்டுகிறேன், குமிழைத் தொடுவதில்லை.

என்றும் உன்
அம்மா