ஊதா வெளிச்சத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று

அன்புள்ள அம்மாவுக்கு,

துரொண்ட்ஹெய்மில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஒஸ்லோவில் நானும் சித்தியும் நல்ல சுகம்.

நீங்கள் தந்துவிட்ட கறிவேப்பிலைக் கன்று பனிக்காலத்தில் வாடியதால், அதற்கு மேலே புற ஊதா விளக்கைப் பூட்டினேன். இலையில் மணம் கூடுமென்று படித்திருந்தேன். வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பவர்களும் அதையே செய்வார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை! ஜன்னல் ஊதாவாக ஒளிர்வதைக் கண்டு யாரோ அறிவிக்க, நேற்றுப் பொலிஸ் வந்தது.

பயப்படாதீர்கள், வந்தவர் ஒரு தமிழ் அண்ணா. குனிந்து இலையை மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது கறிவேப்பிலையெல்லோ! எங்கடை அம்மாவுக்கு ரெண்டு இலை தருவீங்களோ?”

“வேணுமெண்டால் என்னைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ அண்ணா, இலை தரமாட்டன்,” என்றேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தா.

பள்ளி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கன்றுக்குப் புளித்த மோர் எவ்வளவு ஊற்றவேண்டுமென்று எழுதுங்கள். ஈஸ்டருக்கு நீங்கள் வந்து சொதி வைக்கும்போதுதான் முதல் இலையைக் கிள்ளுவேன்.

உங்கள் மகள்,
ஆரணி