அயலவர் என்று சொன்னவருக்கு

அப்பா,

விட்பி வீட்டின் நிலக்கீழ் அறையை இன்றைக்கு ஒதுக்கினேன். உங்கள் கறுத்தக் குளிர்கோட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது. எடுத்து உதறியதும் அந்துருண்டை மணம் மூக்கில் ஏறியது. கூடவே கோபமும் ஏறியது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிவிட்டது, நான் இன்னும் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் செய்த ஒரு காரியத்துக்கு நான் உங்களை முகத்துக்கு நேரே ஒருநாளும் ஏசவில்லை. அதை இப்போது செய்கிறேன். குறுக்கே கதைக்க நீங்கள் இல்லை. இருந்தபோதும் நீங்கள் குறுக்கே கதைக்கிற ஆளில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மோர்னிங்சைட் அடுக்குமாடியில் இருந்தோம், நீங்கள், அம்மா, நான் என்று மூன்று பேர். பேச்சு மொழிச் சிகிச்சையில் முதுமாணிப் படிப்புக்கு நான் இரண்டாம் முறையாக விண்ணப்பித்த வருடம். முதல் வருடம் ஒற்றை வரியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த முறையும் இல்லையென்றால் இந்த எண்ணத்தையே விட்டுவிட்டு, பகுதிநேரமாகப் போய்வந்த வங்கியிலேயே நிரந்தரமாகச் சேர்ந்துவிடுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு வங்கியைக் கண்ணில் காட்டக்கூடாது. அது உங்களுக்கும் தெரியும்.

அந்த விண்ணப்பம் என்னைப் படுத்தியபாடு போதாதென்று நீங்களும் சேர்ந்து படுத்தினீர்கள். மூன்று பேராசிரியர்கள் உறையில் ஒட்டித்தரும் பரிந்துரைக் கடிதங்கள், ஒரு சிகிச்சையாளரின் பக்கத்தில் இருந்து பார்த்த மணித்தியாலங்களுக்கு அத்தாட்சி, புள்ளிச் சான்றிதழ் என்று நான் அலைந்துகொண்டிருக்க, பிரதிகளில் சமாதான நீதவானின் கையெழுத்து வேண்டாமா என்று நீங்கள் மூன்று தரம் கேட்டீர்கள். இங்கே சமாதான நீதவானுக்கு நான் எங்கே போவேன்? நாலாம் வகுப்பு ஓட்டப்போட்டியில் மூன்றாமிடம் வந்த சான்றிதழை உறைக்குள் வைத்தீர்கள். நான் வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தீர்கள். கடைசியில் நான் குளிக்கப்போன நேரம் பார்த்து உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, சாமிப்படத்தின் முன்னால் வைத்துவிட்டீர்கள். கலியாணக் கார்ட்டையா அனுப்பப்போகிறேன் என்று கத்திவிட்டு, புது உறை வாங்க மழைக்குள் பிளாசாவுக்கு ஓடினேன்.

இதெல்லாம் சின்னது. பெரிய சண்டை அந்த ஒரு பக்கக் கட்டுரைக்கு வந்தது. இந்தத் துறைக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் எங்கள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்து சோறு பிசைந்துகொண்டிருந்தது. உங்கள் திக்குவாயோடு வளர்ந்தவள் நான். சொல்லொன்று உங்கள் தொண்டையில் மாட்டிக்கொண்டு கண் இறுகி நிற்கும்போது, முந்திக்கொண்டு அதை எடுத்துக்கொடுக்கக்கூடாது என்பதை ஐந்து வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

"என்ர கொன்னையைப் பற்றியோ எழுதப்போறாய்?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அப்பா. உதுதானே உண்மை."

"எழுதாதை பிள்ளை. ப... பரம்பரை எண்டு யோசிப்பினம். உனக்கும் வரும் எண்டு தள்ளி வைச்சிடுவினம்."

"அவை உதைப் படிப்பிக்கிற ஆக்கள் அப்பா! அவைக்கு உது ஒரு குறையே இல்லை."

"க... கலியாணம் பேசேக்கையும் உப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு பின்னால விசாரிப்பினம்."

நான் விட்டுக்கொடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வந்த, பேசப் பிந்திய ஒரு சிறுமியைப் பற்றி எழுதினேன். உங்களுக்காகத்தான் என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எழுதாமல் விட்டது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. அதை அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. வங்கியிலிருந்து வருகிறேன், பலசரக்குக் கடையின் மலிவு விற்பனைத் தாளின் பின்பக்கத்தில் உங்கள் அச்சுப்போன்ற எழுத்து: 'யூனிவேர்சிற்றியில் இருந்து ரெலிபோன். இரண்டு தரம். வைத்துவிட்டார்கள்.'

உங்களுக்கு முக்கால்வாசி எழுத்தும் மாட்டும், ஆனால் 'ந' கொன்றுவிடும். நாலு பணிஸ் வேண்டுமென்றால் கடையில் "மூண்டு தாங்கோ, இன்னும் ஒண்டு தாங்கோ" என்று கேட்பீர்கள். 'நான்' என்ற சொல்லை நீங்கள் சொல்லிக் கேட்டது குறைவு. அந்த நாவை வைத்துக்கொண்டு 'நொட் அற் ஹோம்' என்று சொல்ல வெளிக்கிட்டிருக்கிறீர்கள். மறுமுனைக்கு மூச்சுத்தான் கேட்டிருக்கும். வைத்துவிட்டார்கள்.

"ஆறு வருஷமாப் போனைத் தொடாத ஆள், இண்டைக்கு ஏன் எடுத்தனீங்கள்?" என்று கத்தினேன். "அடிச்சால் அடிக்கட்டும் எண்டு விட்டிருக்கலாமே! மெசின் செய்தி எடுத்து வைச்சிருக்கும்."

"மு... முக்கியமான கோல் எண்டு எடுத்தனான்" என்றீர்கள். நான் அறைக்கதவை அடித்துச் சாத்தினேன். திக்குகிறவர்களுக்குச் சிகிச்சை படிப்பிக்கிற இடம், ஒரு மனிதன் வாய் திறக்கும்வரை பொறுக்க முடியாமல் ரெலிபோனை வைத்திருக்கிறது. அவர்களிலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவர்களைப் பார்த்துக் கத்த முடியாதே, நீங்கள்தான் பக்கத்தில் இருந்தீர்கள்.

திங்கட்கிழமை வங்கியில் கிடைத்த இடைவேளையெல்லாம் பல்கலைக்கழகத்தின் இலக்கத்தை அழுத்தினேன். லைன் கிடைக்கவேயில்லை. செவ்வாய்க்கிழமை அவர்களே கூப்பிட்டார்கள். அடுத்த கிழமை நேர்முகத்தேர்வு. தெய்வாதீனம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்முகத்தேர்வில் இருந்த பேராசிரியை முதலில் மன்னிப்புக் கேட்டார். தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்துத்தான் அலுவலகத்தில் வைத்துவிட்டார்களாம். "உன்னுடைய அயலவர் நேரில் வந்திருக்காவிட்டால் உன் பெயரைத் தாண்டிப் போயிருப்போம்" என்றார்.

எந்த அயலவர் என்று கேட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வந்தாராம். கறுத்தக் கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் தடித்த கோப்பு. உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார், ஒரு ஓட்டப்போட்டிச் சான்றிதழ்கூடக் காட்டினார் என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்காக அப்பன்காரன் பல்கலைக்கழகத்துக்குப் போய் நிற்கிறதை எந்த ஊரில் கண்டீர்கள்? யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில் ஆளை நேரில் கண்டால்தான் அலுவல் நடக்கும். அந்தப் பழக்கத்தில் பஸ்ஸும் சப்வேயும் மாறி, வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

"உனக்கு என்ன முறை என்று எங்கள் செயலாளர் கேட்டார்" என்றார் அந்தப் பேராசிரியை. "நெய்பர் என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மிகவும் கஷ்டப்பட்டார். ஒருவரும் குறுக்கிடவில்லை, சொல்லி முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம்."

ஃபாதர் என்று சொல்லியிருந்தால் அரை நொடியில் முடிந்திருக்கும் அப்பா. அந்தச் சொல் உங்களுக்கு வழுக்கிக்கொண்டு வரும். பரம்பரை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், உங்களுக்கு வராத எழுத்தைத் தேடிப்பிடித்து, முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால் நின்று அதோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அவரைப் பற்றி நீ கட்டுரையில் எழுதவில்லையே. அவரை நன்றாகத் தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியும். நல்ல மனிதர்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தீர்கள். கத்துவதற்கென்றே ஆயத்தமாக வந்தவள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"ஆரோ அயலட்டை ஆள் போய் எனக்காகக் கதைச்சவராம். உங்களுக்குத் தெரியுமோ?"

நீங்கள் திரும்பவில்லை. தண்ணீரை இன்னும் கொஞ்சம் கூட்டித் திறந்துவிட்டீர்கள்.

"அப்பிடியோ? அ... அருமையான சனம் இருக்குதுகள்தானே" என்றீர்கள். பிறகு, "வந்து சாப்பிடு" என்றீர்கள்.

சாப்பிட்டேன். சித்திரை மாதம் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. பட்டமளிப்புக்கு உங்களைக் கூட்டிப்போனபோது அந்தப் பேராசிரியை தூரத்தில் வருவதைக் கண்டதும் மலசலகூடம் தேடிப் போய்விட்டீர்கள். நானும் உங்களைப் பிடித்து நிறுத்தவில்லை. அந்தக் கட்டிடத்தைப் பொறுத்தவரை நீங்கள் இன்றைக்கும் எனக்கு அயலவர்தான். வேண்டாத வேலை பார்த்தீர்கள் என்று உங்களை எவ்வளவுதான் ஏசினாலும், அங்கே பிழை விட்டது நான். உங்களுக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது, அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு என்ன வந்தது?

இப்போது என்னிடம் பயிற்சிக்கு மாணவர்கள் வருகிறார்கள். போன கிழமை வந்த பிள்ளை, இங்கே பிறந்த எங்கள் பிள்ளைதான், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக, "அன்ரி, நீங்கள் ஏன் இந்த ஃபீல்டுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"என்ர அப்பாவுக்குத் திக்குவாய்" என்றேன்.

சொல்லி முடிக்க ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை, அப்பா.