பத்திரமா வெச்சிருக்கோம், மேடம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே மனசு லேசாக இருக்கிறது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஹீட்டர் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற என் வீட்டுக்காரர், சொந்த வீட்டு ஹீட்டரைத் தொட நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டியிருந்தது.

நாளை மறுநாள் மழைக்கோட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறேன். எங்கள் கம்பெனி விற்கிற கோட்டில் பாதிக்குமேல் அங்கேதான் தைக்கிறார்கள். யாரையும் அடைத்துவைத்து வேலை வாங்காமல் தைக்கிறார்களா என்று பார்ப்பது என் உத்தியோகம். போன தடவை போனபோது, கடல் தாண்டி வந்த தையல் பெண்களின் பாஸ்போர்ட் எல்லாம் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. அது கையில் இல்லாமல் அவர்களால் பஸ் ஏறக்கூட முடியாது, வழியெல்லாம் சோதனை. "பத்திரமா வெச்சிருக்கோம் மேடம்" என்றார். ஆளுக்கொரு லாக்கர் வேண்டும், சாவி அவரவர் கையில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது போட்டோ அனுப்பியிருக்கிறார். வரிசையாக நீல லாக்கர்கள். அழகாகத்தான் இருக்கின்றன.

வெளியே சாப்பிடப் போகலாமா என்று இவரிடம் கேட்டேன். "உன்னோட வந்தா நிம்மதியா சாப்பிட முடியாது. சமையல்காரருக்கு லீவு குடுக்கிறாங்களான்னு விசாரிக்க ஆரம்பிச்சிடுவ" என்கிறார். விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 5, வியாழன்

சிரிப்பதா, அழுவதா?

முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்று நேராக விடுதிக்கு அழைத்துப் போனார். பெண்கள் எல்லோர் கழுத்திலும் சிவப்பு நாடா, அதில் ஒரு சாவி. நாடா அத்தனையும் புத்தம் புதுசு, மடிப்புகூடக் கலையவில்லை. எனக்கு உறுத்தியது. ஓரமாக நின்ற ஒரு பெண்ணிடம் (சுருட்டை முடி, அங்கே அவளுக்குப் பெயரே சுருட்டைதான்) "உன் லாக்கரைக் கொஞ்சம் தொறந்து காட்டும்மா" என்றேன்.

அவள் வார்டன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு லாக்கர்களைப் பார்த்தாள். எது தன்னுடையது என்றே தெரியவில்லை! ஒன்றில் போட்டாள், திரும்பவில்லை. அடுத்ததில் போட்டாள், ம்ஹூம். பக்கத்திலிருந்தவள் பாவம் பார்த்துத் தன் சாவியைக் கொடுத்தாள், அதுவும் சேரவில்லை. அப்புறம் ஆளாளுக்கு ஒரு பூட்டில் முட்டி மோதினார்கள். கடைசியில் ஒன்று திறந்தது. உள்ளே இருந்த பாஸ்போர்ட்டில் வேறு ஒருத்தியின் முகம். "ஐயோ, அது நான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். முதலாளி மட்டும் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் வருகிறேன் என்று இன்று காலையில் சாவியை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். நான் போனதும் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். அட, ஏமாத்துறதையாவது உருப்படியா செய்யக் கூடாதா!

சிரிப்பு அடங்கியது. யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாதபடி எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினேன். சுருட்டை சொன்னாள்: "எங்க அக்கா அடுத்த ஊர்ல பை தைக்கிற கம்பெனில இருக்கா. ஒரே பஸ்தான். நான் வந்ததிலேருந்து அவளைப் பார்க்கவே இல்ல. பாஸ்போர்ட் கேட்டா, குடுத்தா ஓடிப் போயிடுவேன்னு சொல்றாங்க."

"ஓடிப் போயிடுவியா?" என்று கேட்டுவிட்டேன். என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"தெரியல மேடம். கதவு தொறந்திருந்தாத்தானே யோசிக்க முடியும்?"

கிளம்பும்போது முதலாளி ஆரம்பித்தார். "பாஸ்போர்ட்டைக் கையில குடுத்து, பாதிப் பேர் கெளம்பிட்டா உங்க ஆர்டர் என்னாகும்? உங்க ஆபீஸ்ல டெலிவரி தேதியை முன்னாடி இழுத்துக்கிட்டே இருக்காங்களே!" பாதி சாக்கு. ஆனால் பாதி உண்மை, அதுதான் எரிச்சல்.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் கொள்முதல் மேலாளருக்கு ஆபீசில் 'நாளைக்கே' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கே வேண்டும் அவருக்கு. விஷயத்தைச் சொன்னேன். "அந்த ஆளே வேணாம், கைகழுவிடலாம். நாளைக்கே வேற இடம் பாருங்க" என்றார்.

"நாம கைகழுவினா நம்ம கைதான் சார் சுத்தமாகும். அந்தப் பொண்ணுங்க அங்கேயேதான் இருப்பாங்க, வேற யாருக்கோ தெச்சுக்கிட்டு."

தேதியை இழுப்பதை நிறுத்துவோம், அவரும் பாஸ்போர்ட்டைத் தரட்டும் என்றேன். "மழை வந்த பிறகு மழைக்கோட்டு வித்து என்னம்மா பண்றது? பாஸ்போர்ட் பத்திரமாத்தானே இருக்கு" என்கிறார். இவருமா!

மார்ச் 9, திங்கள்

இன்று ஒரு குறும்பு செய்தேன். எங்கள் ஆபீசில் அடையாள அட்டையைத் தட்டாமல் ஒரு கதவும் திறக்காது. நாளைக்கே தன் அட்டையை மேஜைமேல் மறந்துவிட்டுப் போனார். எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தார். "என் கார்டு இங்க இருந்துதா?"

"பத்திரமா வெச்சிருக்கேன் சார். எங்க போகணும்? எப்ப வருவீங்க?"

"டீ குடிக்கம்மா..."

"நல்லபடியா திரும்பி வந்துடுவீங்களா?"

முதலில் சிரித்தார். நான் அட்டையை நீட்டவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. போச்சு, வேலை போச்சு என்றே நினைத்தேன். அட்டையை வாங்கிக்கொண்டு போனார். டீ குடிக்கப் போகவில்லை, தன் அறைக்குத்தான் போனார். சாயங்காலம் வந்து, "அங்க எப்ப போறோம்?" என்றார்.

"நாளைக்கே" என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

கையெழுத்தாகிவிட்டது. இனிமேல் நாங்கள் தேதியை முன்னால் இழுக்க மாட்டோம். அங்கே பாஸ்போர்ட் அவரவரிடம், விடுதிக் கதவில் வெளித்தாழ்ப்பாள் கிடையாது, வேலையை விட்டு நிற்கிறவர்களை யாரும் தடுக்கக் கூடாது.

பழைய பூட்டுகளை நான் நம்பவில்லை. எல்லோரையும் இரும்புக்கடைக்குக் கூட்டிப்போய் அவரவருக்குப் பிடித்த பூட்டை வாங்கச் சொன்னோம். அன்றைக்குக் கடைக்காரர் பட்ட பாடு! ஒருத்தி கடை ஷட்டருக்குப் போடுகிற பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லாக்கர் கதவைவிடக் கனம். "அப்பதான் மேடம் தூக்கம் வரும்" என்றாள். சரி, வாங்கிக்கோ தாயே.

சுருட்டை பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 11, சனி

ஹீட்டர் மறுபடியும் மண்டையைப் போட்டது. தொழிற்சாலைக்குப் போன் போட்டுக் கேட்டால் "எல்லாம் தொறந்துதான் இருக்கு மேடம்" என்கிறார்கள். போய்ப் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். உள்ளே நுழைந்ததும் சுருட்டையைத்தான் தேடினேன். அவள் மெஷினில் வேறு யாரோ. எனக்குப் பகீரென்றது. என்னிடம் பேசியதற்காக ஏதாவது பண்ணிட்டாங்களா?

முதலாளி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "போயிட்டா மேடம். ஒரு ஞாயித்துக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனா. வந்தா. அடுத்த வாரம் நின்னுக்கிறேன்னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டா. கூட இன்னும் மூணு பேர். நல்லா தைக்கிற பொண்ணுங்க!" என்னவோ நான்தான் தூக்கிக்கொண்டு போனதுபோல ஒரு பார்வை.

அவர் பேச்சை மட்டும் நம்ப முடியுமா? அவள் தோழி தன் போனைக் காட்டினாள். சுருட்டையும் அக்காவும், அதே சுருட்டை முடி ரெண்டு தலையிலும், பல்லெல்லாம் தெரிய. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம்போல இருந்தது. சந்தோஷத்தில்தான்.

"அப்படி அங்க என்னதான் மேடம் இருக்கு?" என்றார் முதலாளி.

"அக்கா இருக்காங்க."

"அது சரி. மத்த மூணு பேர்?"

எனக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "இருக்கிறவங்க போகாம இருக்கணும்னா நான் என்ன பண்ணணும்? நீங்களாவது சொல்லுங்க."

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? உள்ளதானே இருக்காங்க."

தயங்கித் தயங்கிப் போனார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் ஏதோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.