ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்த பெயர்கள்

அன்புள்ள ஆஸிபா, ஸலாம். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் மகன் வீட்டில் நான் நலம்.

நான் உதவிக்குப் போகும் தமிழ்ப் பள்ளியில் புதுப் பிள்ளைகளின் பெயரை எக்ஸெல் பட்டியலில் சேர்க்க, ஒருமுறை செய்துகாட்டி, அதையே தானாகத் திரும்பச் செய்யும் மேக்ரோவாகப் பதிவு செய்தேன். அதுவோ ஒவ்வொரு பெயரையும் முந்தைய பெயரின் மேலேயே எழுதியது.

"விடுங்க ஆன்ட்டி, இனிமே உதவிக்கு வர்ற பையன் யாசின் பண்ணட்டும்" என்றாள் பள்ளியை நடத்தும் மெஹர் நிஷா.

"ஏன்னு தெரியாம இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்மா" என்றேன்.

பதிவைத் திறந்து பார்த்தால், முதல்முறை நான் தொட்ட கட்டத்தையே அது மனப்பாடம் செய்திருக்கிறது! கடைசிப் பெயரிலிருந்து கீழே இறங்கும் முன் நிற்கும் இடத்திலிருந்து எண்ணச் சொல்லும் 'ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ்' பொத்தானை அழுத்தி மறுபடி பதிவு செய்தேன். இப்போது பெயர்கள் ஒழுங்காக இறங்குகின்றன. வேலையும் என்னிடமே இருக்கிறது.

வீட்டில் இதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. ஞாயிறன்று நீ கூப்பிடு, விளக்கமாகச் சொல்கிறேன். மகன் காரில் காத்திருக்கிறான்.

உன் அக்கா,
ஜுலைகா