பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன்

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

பனி உருகவென்று குளிர்காலத்தில் வீதியில் தூவிய உப்பை மூன்று நாள் மழை கழுவிவிட்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்று காரை வெளியே எடுத்தேன்.

பத்து மணிக்கு, ஒஸ்லோவுக்கு வெளியே, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். ஞாயிறு, கடை பூட்டு, இடம் முழுக்க எங்களுக்குத்தான். பதினொரு கார்கள். கிட் கார் கழகத்தின் இந்த ஆண்டு முதல் ஓட்டம். எல்லாமே பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து, அவரவர் கையால் பூட்டிய கார்கள். என்னுடையதற்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. பூட்டி முடிக்க நான்கு குளிர்காலம் போனது. ஒட்வார் இல்லாவிட்டால் பத்துப் போயிருக்கும்.

ஒட்வார் ரயில் திருத்துமிடத்தில் நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கழகத்தின் பரிசோதகர் அவர்தான். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு காரும் பந்தயத் தடத்தில் இறங்காது. என் காரின் பிரேக் முழுவதையும் அவரே பூட்டினார். "இதை மட்டும் எனக்கு விடு," என்றார் அன்றைக்கு.

ஏரிக்கரை வழியே வரிசையாகப் போனோம். பள்ளத்தில் முகம் விறைக்கும் குளிர், மேட்டில் வெயில், வயல்களில் சாணி மணம். கதவில்லாத காரில் எல்லாம் நேரே மூக்குக்குள் வருகிறது. பஸ் தரிப்பில் நின்ற சின்னப் பிள்ளைகள் பதினொரு காருக்கும் கை காட்டினார்கள். பன்னிரண்டு வருடமாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன், எனக்கு யாரும் கை காட்டியதில்லை, நிற்பாட்டத்தான் காட்டுவார்கள்.

கோப்பிக்கு நின்ற வாஃபல் கடையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டேன். ஒட்வார் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

விடிய முன்னமே பஸ் வேலை. வந்து சப்பாத்தோடு சோபாவில் நித்திரை. எழும்பினால் இன்னும் களைப்பு.

ஏப்ரல் 30, செவ்வாய்

மகள் ஜெனிதா பேர்கனுக்கு வேலைக்குப் போனதிலிருந்து மனைவி மலர் அவளுடைய அறையில் படுக்கிறாள். என் குறட்டைதான் காரணம். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி இருத்துகிறவள், அவளுக்கும் நித்திரை வேண்டும்தானே.

"டொக்டரிட்டைக் காட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்," என்றாள் இன்றைக்கும்.

"களைப்புக்கு டொக்டர் என்ன செய்யிறது மலர்? ஐம்பத்து நாலு வயசிலை எல்லாருக்கும் இப்பிடித்தான்."

உண்மையாகவே எல்லோருக்கும் இப்படித்தானா? அம்மருட்டில் எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் நிற்கும்போதும் சுவரில் சாய்கிறேன். எட்டு மணித்தியாலம் படுத்தவன் எழும்பும்போது கல் சுமந்தவன் மாதிரி எழும்புவது ஏன்? காரில் ஏறினால் மட்டும் கொஞ்சம் விழிப்பு வருகிறது. அதனால்தான் அதை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறேனோ.

மே 11, சனி

காலையிலிருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆண்டின் முதல் ட்ராக் நாள். ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணி நேரம். காட்டுக்கு நடுவே தடம், நல்ல வெயில். ஒட்வார் காலையில் கார்களை வரிசையாகப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். பத்தரைக்கு என் முறை.

காலை ஓட்டம் போல் ஒன்று எனக்கு வாய்த்ததில்லை. நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை அழுத்தி, கியரைக் குறைத்து, வளைவுக்குள் திருப்பினால் கார் நினைத்த இடத்துக்குப் போனது. தோளைப் பெல்ட் இழுக்கிறது, தரை கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. பஸ்ஸில் நான் நாற்பது பேரை அலுங்காமல் கொண்டுபோகிறவன். இங்கே யாருக்காகவும் மெதுவாகப் போகத் தேவையில்லை. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு ஒட்வார் பக்கத்தில் ஏறினார். "உன்ரை சிரிப்பு வெளியிலை கேட்டது, நானும் ஒருக்கா வாறன்," என்றார்.

மூன்றாவது சுற்று. நேர்ப்பாதை. தூரத்தில் வளைவு தெரிந்தது.

அதற்குப் பிறகு, தடத்துக்கு வெளியே, சல்லி. கார் சல்லிக்குள் பக்கவாட்டில் நின்றது, தூசி, ஒட்வார் இடது கையைப் பிடித்துக்கொண்டு முனகினார். இடையில் ஒன்றும் இல்லை. பயமும் இல்லை, சத்தமும் இல்லை. வெட்டி எடுத்த மாதிரி.

ஆட்கள் ஓடி வந்தார்கள். "என்ன நடந்தது?"

"பிரேக் பிடிக்கேல்லை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. ஒட்வார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அவருடைய மணிக்கட்டில் வெடிப்பு. ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு. என் காருக்கு முன் மட்காட் போனது, அவ்வளவுதான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மே 12, ஞாயிறு

நித்திரை கொண்டுவிட்டேன். அதுதான் நடந்தது. மணிக்கு நூற்று நாற்பதில், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு மனுசனை வைத்துக்கொண்டு.

எழுதிவிட்டேன். இங்கே எழுதலாம். அங்கே சொன்னால் லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் வேலை. நாளைக்கு விடிய ஐந்து பத்துக்கு முதல் பஸ்.

மே 16, வியாழன்

நான் கார் வைக்கும் கராஜுக்கு ஒட்வார் வந்தார். கழுத்தில் தொங்கும் கட்டோடு, மற்றக் கையில் ஸ்பானர்கள் வைக்கும் ஆயுதப்பெட்டி.

"பிரேக் மிதி அடியிலை போச்சா, இல்லாட்டிக் கல்லு மாதிரி நிண்டுதா?" என்று கேட்டார்.

பொய்க்கும் விபரம் வேண்டியிருக்கிறது. "அடியிலை போச்சு," என்றேன்.

"அப்ப குழாய்க்குள்ளை காத்துப் போயிருக்கு. எங்கையோ கசியுது."

நாலு மணித்தியாலம். ஒற்றைக் கையால் கழற்றினார், மற்றக் கைக்கு நான். "இதைப் பிடி." பிடித்தேன். "வெளிச்சத்தைக் காட்டு." காட்டினேன். குழாய் குழாயாக, மூட்டு மூட்டாக விரலால் தடவிப் பார்த்தார். ஒரு துளி கசிவு இல்லை. இருக்காது என்று தெரிந்துகொண்டே அவருக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் நிலத்தில் இருந்துவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அப்ப நான்தான் எதையோ விட்டிட்டன். காலமை நான்தானே பாத்துக் கையெழுத்து வைச்சது."

இல்லை ஒட்வார். இரண்டே சொல்தான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் என்ன மனுசன்?

மே 17, வெள்ளி

நோர்வேயின் தேசிய நாள். எல்லோரும் கொடியோடு பஸ்ஸில் ஏறினார்கள். நான் கண்ணாடியில் என் கண்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

மே 22, புதன்

கழகத் தலைவி சில்யே எல்லோருக்கும் எழுதியிருக்கிறாள்: பதினைந்து வருடம் பரிசோதகராக இருந்த ஒட்வார் அந்தப் பொறுப்பை விடுகிறார். தன் கண்ணிலும் கையிலும் இனி நம்பிக்கையில்லையாம். புதியவர் கிடைக்கும்வரை ட்ராக் நாட்கள் இல்லை.

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு படுத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு நித்திரை வந்தது — அதுதான் வெட்கம்.

மே 27, திங்கள்

பின்னால் ஒரு ஹோர்ன். கண் திறந்தேன். சிவப்பு விளக்குப் பச்சையாகி எவ்வளவு நேரமோ தெரியாது. பஸ்ஸுக்குள் முப்பது பேர் இருப்பார்கள். நடுவில் பிள்ளை வண்டிலோடு ஒரு தாய், பிள்ளைக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்ற இடத்தில் நித்திரை கொண்டேன். ஓடும்போது கொண்டிருந்தால்?

அடுத்த தரிப்பில் நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து, எனக்கு ஏலாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தத் தாய் மட்டும், "உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ட்ராக்கில் நடந்ததையும்.

மலர் என் பக்கத்தில் வந்து இருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் சத்தத்துக்குப் பயந்து மற்ற அறைக்குப் போகேல்லை. நீங்கள் நித்திரையிலை மூச்சு விடாமல் கிடக்கிறியள். திரும்ப வருமா எண்டு நான் எண்ணிக்கொண்டு கிடக்கிறது. ஒருநாள் முப்பத்திரண்டு மட்டும் எண்ணினனான். விடிய நான் வேலைக்குப் போகவேணும், என்னாலை ஏலாமல் போச்சு."

"ஏன் மலர் சொல்லேல்லை?"

"சொன்னனான். கேட்டியளா? டொக்டர், டொக்டர் எண்டு வேறை எதுக்குச் சொன்னனான்?"

அழுதாள். நானும்.

மே 28, செவ்வாய்

குடும்ப வைத்தியர் இளம் பெண். தொண்டையைப் பார்த்தார், கழுத்தை அளந்தார். நித்திரையில் மூச்சுக் குழாய் அடைபடும் வருத்தமாக இருக்கும் என்றார். எவ்வளவு படுத்தாலும் மூளை நித்திரை கொள்வதில்லையாம்.

"இன்றிலிருந்து ஓட்டக்கூடாது. பஸ்ஸும் இல்லை, சொந்தக் காரும் இல்லை."

தலையாட்டினேன். மலர் பக்கத்தில் இருந்து என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. இன்னும் ஒருவரிடம் சொல்ல இருக்கிறது.

ஜூன் 1, சனி

இரண்டு ரயில் மாறி ஒட்வார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, "கார் எங்கை?" என்று எட்டிப் பார்த்தார்.

வாசலிலேயே சொன்னேன். உள்ளே போய் இருந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். பிரேக்கில் பிழையில்லை. நான் நித்திரை கொண்டுவிட்டேன். தெரிந்துகொண்டுதான் பொய் சொன்னேன்.

அவர் கதவின் பிடியை விடவில்லை.

"உன்ரை பேரைச் சொல்லி ரெண்டு தரம் கூப்பிட்டனான்," என்றார். "நீ திரும்பேல்லை. எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனா நீ பிரேக் எண்டு சொன்னாய், நான் உன்னை நம்பினன். மூண்டு கிழமை என்ரை கையை நம்பாமல் உன்னை நம்பினன்."

"எனக்குத் தெரியும்."

"வெளிச்சம் பிடிச்சுக்கொண்டு நிண்டாய். நான் இந்த உடைஞ்ச கையைப் பற்றிச் சொல்லேல்லை. கை சுகமாகும். நீ அந்த வெளிச்சத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாய்."

மன்னிப்புக் கேட்டேன். நோர்வே மொழியில் அந்தச் சொல் மிகச் சின்னதாக இருக்கிறது. அவர் கேட்டாரோ தெரியாது.

"இப்ப போ," என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

கழகக் கூட்டம். எழும்பி நின்று எல்லோருக்கும் சொன்னேன். எழுதிக்கொண்டு போன தாள் கையிலேயே இருந்தது, வாசிக்கவில்லை. சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன. ஒட்வாரின் பிரேக்கில் பிழை இல்லை என்பதை மட்டும் மூன்று தரம் சொன்னேன் என்று பிறகு சில்யே சொன்னாள்.

கொஞ்சப் பேர் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் எழும்பி வெளியே போனார். அவருடைய மகனும் அன்று தடத்தில் இருந்தான். அவர் போனது சரி.

ஒட்வார் வரவில்லை.

ஜூன் 20, வியாழன்

நித்திரைப் பரிசோதனைக்காக விரலிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டி வீட்டில் ஓர் இரவு படுக்க வைத்தார்கள். பஸ் சாரதி என்றதால் காத்திருப்போர் வரிசையில் முன்னுக்கு எடுத்தார்கள். மணிக்கு நாற்பத்தொரு தரம் மூச்சு நின்றிருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

நித்திரையில் மூச்சு நிற்காமல் காற்றை ஊதும் மெஷின் வந்துவிட்டது. மூக்கில் மாட்டும் மூடி, குழாய், காற்று. மூன்று நாளாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஊதுகிற மாதிரி. இழுத்தெறிந்துவிட்டேன்.

மலர் எடுத்து வந்து திரும்ப மாட்டினாள். "ஆம்பிளையள் எல்லாரும் ஒண்டுதான். இல்லத்திலையும் இப்பிடித்தான் கழட்டி எறிவினம். ஆடாதேங்கோ."

ஜூலை 21, ஞாயிறு

மெஷினோடு ஐந்து மணித்தியாலம் நித்திரை. பகல் முழுக்க விழித்திருந்தேன். பின்னேரம் கராஜுக்குப் போய் உடைந்த மட்காட்டைக் கழற்றினேன். நாள் முழுக்க விழித்திருந்தால் செய்ததெல்லாம் ஞாபகம் வருகிறது. அது நல்லதா என்று இன்னும் தெரியவில்லை.

ஓகஸ்ட் 14, புதன்

சொந்தக் கார் ஓடலாம் என்று வைத்தியர் எழுதித் தந்தார். பஸ்ஸுக்கு இன்னும் இல்லை. டிப்போவில் தொலைந்த பொருட்கள் அறையில் இருக்கிறேன்: குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒருநாள் ஒரு செயற்கைப் பல்வரிசை. சம்பளத்துக்குக் குறைவில்லை, மரியாதைக்குக் கொஞ்சம்.

சில்யேயின் கடிதம்: 24ஆம் திகதி ட்ராக் நாள். ஒட்வார் திரும்பப் பரிசோதகராக வருகிறார்.

போவதா? மலரிடம் கேட்டேன். "போகாட்டி வீட்டிலை இருந்து அதைத்தானே யோசிப்பியள்," என்றாள்.

ஓகஸ்ட் 24, சனி

மலர் கூட வந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தரம். தலையில் சால்வையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

பரிசோதனை வரிசையில் ஏழாவதாக நின்றேன். ஒட்வார் மற்றவர்களோடு பகிடி விட்டுக்கொண்டு வந்தவர், என் காருக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார். மற்றக் கார்களுக்குப் பத்து நிமிடம், என்னுடையதற்கு அரை மணித்தியாலம். நிலத்தில் மல்லாக்காகப் படுத்துப் பார்த்தார். "மிதி." மிதித்தேன். "பிடி. விடு." விட்டேன். எழும்பி முழங்கால் தூசியைத் தட்டினார்.

"நேற்று எத்தினை மணித்தியாலம் நித்திரை?"

"ஏழு. மெஷினோடை."

அந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை. டயர் காற்று என்ற வரிக்குக் கீழே தன் கையால் ஒரு கோடு போட்டு, ஏழு என்று எழுதி, கையெழுத்து வைத்தார். அடுத்த காருக்குப் போய்விட்டார்.

நான்கு சுற்று ஓடினேன், தனியாக. வேகமாக இல்லை. முன்னால் போனவர்கள் எல்லோரும் என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

மதியம் அவர் எங்கள் மேசைக்கு வரவில்லை. மலர் கொண்டுவந்த மீன் கட்லட்டைச் சில்யே ஒரு தட்டில் வைத்து அவருக்குக் கொண்டுபோனாள். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது.

புறப்படும்போது அவர் என் காருக்கு அருகே நின்றார். நான் புதிதாகப் பூட்டிய மட்காட்டைக் குனிந்து பார்த்தார்.

"போல்ட்டைக் கனக்க இறுக்கிப்போட்டாய். தகரம் வெடிக்கும்," என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல்: "திங்கள் பின்னேரம் கராஜைத் திறந்து வை."