கம்முனு படுத்த டைகர்

மாஸ்டர்,

காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கிறேன். பின்னால் இருந்த பேக்கரியில் சூடாக வர்க்கித் தட்டை வெளியே எடுத்தார்கள். அந்த வாசனைக்கு உங்கள் காக்கிச் சட்டைப் பைதான் ஞாபகம் வந்தது. நாய்களுக்குப் போட அதில் எப்போதும் வர்க்கித் துண்டும் தூளுமாகக் கிடக்கும். இப்போது எங்கள் வீட்டில் நாய் இல்லை. வர்க்கி கடிக்கிற பல்லும் எனக்கு அவ்வளவாக இல்லை. இருந்தாலும் ஒரு பொட்டலம் வாங்கிவிட்டேன். யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் அப்பா தவறியபோது, அவர் வீட்டிலிருந்து என் புகுந்த வீட்டுக்கு நான் கொண்டுவந்தது டைகரை மட்டும்தான். அல்சேஷன். என்னைத் தவிர யார் பேச்சையும் கேட்க மாட்டான், என் பேச்சையும் பாதிதான் கேட்பான். மில்காரர்கள் பங்களா நாய்களையெல்லாம் பழக்கிய ஆள் என்று விசாரித்து உங்களைக் கூப்பிட்டோம். மொபெட்டிலிருந்து இறங்கியவர், நாயை விட்டுவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"நாய்கிட்ட வளவளன்னு பேசப்படாதுங்க அம்மணி. ஒரு வேலைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதானுங்க."

'சிட்', 'ஸ்டே', 'கம்' என்று மூன்று வார்த்தை பழக்கினீர்கள். 'கம்' என்றால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் பாய்ந்து வந்து வர்க்கிக்கு எக்குவான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் நாத்தனாரைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து வந்தார்கள். வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளையின் அப்பா வாசல் ஏறும்போது, கிணற்றடியிலிருந்து டைகர் குரைத்தான். என் மாமனார் அவரைக் கையைப் பிடித்து வரவேற்றபடியே, "டைகர், கம்முனு இரு!" என்றார். டைகர் வந்தான். "டேய், கம்முனு இருடா! கம்மு...னு!" அவர் கத்தக் கத்த இவன் வேகம் கூடியது. இருவருக்கும் நடுவில் பாய்ந்து எக்கியதில் அந்தப் பெரியவர் வேட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் போனதும் மாமனார் சொன்னார், "மறுக்கா அவங்க வர்றப்ப இவன் இங்க இருக்கக்கூடாது. தோட்டத்துல கொண்டுபோயிக் கட்டிப்போடுங்க."

தோட்டத்தில் கட்டினால் சங்கிலியோடுதான் அவன் காலம் கழியும். அப்பாவை இரண்டாம் தடவை இழக்கப்போவதாக எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

வந்தீர்கள். "அன்னிக்கு நடந்த மாதிரியே செஞ்சு காட்டுங்க" என்றீர்கள். மாமியார் தோளில் துண்டு போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா ஆனார். மாமனார் வாசலில் நின்று கூச்சமில்லாமல், "கம்முனு இரு!" என்று கத்தினார். டைகர் பறந்து வந்தான். நீங்கள் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

"தப்பு என்னுதுங்க. நீங்க 'கம்'முனு ஆரம்பிச்சதுமே அவன் கெளம்பிட்டான். மிச்சத்த அவன் எதுக்குங்க கேக்கோணும்?"

'கம்முனு' என்ற வார்த்தையை விட முடியுமா என்று மாமனாரைக் கேட்டீர்கள். "அதச் சொல்லாம நான் எப்படிங்க கம்முனு இருக்கறது?" என்றார் அவர்.

"சரிங்க, நீங்க மாற வேண்டாம். நானும் நாயும் மாறிக்கறோம்."

கூப்பிடுவதற்கு வேறு வார்த்தை தேடினோம். "வாங்கன்னு வெச்சுப்போடலாமுங்களே" என்றார் மாமியார். "விருந்தாளியோட சேர்ந்து இவனும் வந்துருவானுங்க" என்றீர்கள். நான்தான் 'ஓடியா' என்றேன். அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "பலே அம்மணி! எந்த விருந்தாளியையும் யாரும் ஓடியான்னு கூப்பிட மாட்டாங்க."

'கம்முனு' என்றால் தாடையைத் தரையில் வைத்துப் படுக்க வேண்டும் என்று புதிதாகப் பழக்கினீர்கள். நாத்தனாரின் நல்ல காலம், தாராபுரத்துக்காரர்கள் மறுபடி வந்தார்கள். அன்றைக்கு உங்களையும் வரச்சொல்லியிருந்தோம். டைகர் குரைத்தான். பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாமனார் என்னைப் பார்த்தார், நான் உங்களைப் பார்த்தேன். பிறகு மாமனார் நாயின் பக்கம் திரும்பி, "கம்முனு இரு சாமி" என்றார். டைகர் பொத்தென்று படுத்தான். என் வயிற்றில் பாலை வார்த்தான். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு பெரியவருக்கே கேட்டிருக்கும். கல்யாணமும் நடந்தது, டைகரும் கடைசிவரை எங்கள் வாசலிலேயே கிடந்தான். அன்றைக்கு உங்களுக்குச் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை, சமையலறைக்கு ஓடிப்போய்ச் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தேன்.

போன வாரம் நீங்கள் தவறிய சேதி கேட்டுக் காரமடைக்கு வந்தேன். உங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு கறுப்பு நாய். யார் கூப்பிட்டும் வரவில்லை, சோறும் தொடவில்லை என்றார் உங்கள் மகன். "கம், கம்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். காதைக்கூட அசைக்கவில்லை. எனக்கு என்னவோ தோன்றியது. "ஓடியா கண்ணு" என்றேன்.

எழுந்து ஓடி வந்தது மாஸ்டர். என் அப்பாவின் வார்த்தைக்கு, உங்கள் நாய். என் முழங்காலில் மூக்கை வைத்து வர்க்கி தேடியது. அன்றைக்கு என் கையில் எதுவும் இல்லை.

இதோ, காரமடை பஸ் வந்துவிட்டது. பொட்டலம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.