சனி, வில்லரே, இரண்டாம் பாதி

மச்சான்,

இன்று நீ செத்து முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு உன் மனைவி உன் பழைய ஹெல்மெட்டைக் கடைப்பையில் போட்டு என்னிடம் தந்தாள். இத்தனை வருடம் பேஸ்மென்டில் கிடந்தும் வியர்வை நாற்றம் போகவில்லை. "நீங்கள்தானே அண்ணை எப்பவும் அவரோடை நிண்டனீங்கள், வச்சிருங்கோ" என்றாள். மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டேன்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தோடு ஓட ஒரு கூட்டம், ஓடுகிறவனை விழுத்த இன்னொரு கூட்டம். ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே வந்து தண்ணீர் குடிக்கும். நீ இரண்டிலும் நின்றாய். எங்கள் வில்லரே பகுதி மைதானத்தில் உன் பெயர் வாயில் வராத பெடியள் பிரெஞ்சில் "ல தமூல்!", தமிழன், என்று கத்துவார்கள். பிறகு பெரிய அணி ஒன்று உன்னை எடுத்தது, பிரெஞ்சுப் பத்திரிகை அரைப் பக்கத்துக்குப் படம் போட்டது. நான் ஆட இறக்காமல் வெளியே உட்கார்ந்து வாங்கைச் சூடாக்கிய வீரன்.

தலையில் அடிபட்டால் முதலுதவிக்காரர் பிரெஞ்சில் மூன்று கேள்வி கேட்பார். என்ன நாள், எங்கே நிற்கிறாய், எந்தப் பாதி. ஒரு இறுதி ஆட்டத்தில் நீ தலை அடிபட விழுந்து எழும்பி வந்தபோது உன் கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. நான் பின்னால் நின்று தமிழில் சொன்னேன்: "சனி. வில்லரே. ரெண்டாம் பாதி." நீ பிரெஞ்சில் ஒப்புவித்தாய். நான் உனக்காகச் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து, பாவம், அந்த மனிதர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். நீ திரும்ப உள்ளே போனாய். வென்றோம். "நீ சொல்லாட்டி என்னை வெளியிலை இருத்தியிருப்பாங்கள் மச்சான்" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாய். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தேன். பெருமையோடு சொல்லிக்கொடுத்தேன், மடையன்.

ஐம்பது தாண்டியதும் நீ அடுப்பை மறந்தாய். பிறகு மகளின் பெயரை மறந்தாய். போன மாரியில் நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் ஞாபகத்தைச் சோதித்தாள். தேறினால் வீடு, இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம். இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். நீ அவளைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பி, "சொல்லடா மச்சான்" என்றாய்.

உன் மனைவி கும்பிடாத குறையாக என்னைப் பார்த்தாள். வெட்கத்தை விட்டு மெல்லச் சொன்னேன்: "செவ்வாய். ஆஸ்பத்திரி."

நீ சிரித்தாய். டாக்டரிடம் திரும்பி, பிரெஞ்சில், ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாய்: "சனி. வில்லரே. இரண்டாம் பாதி."

அவள் எழுதிக்கொண்டாள். வீடு இல்லை, பராமரிப்பு இல்லம்தான் என்று ஆனது.

"அவர் ஏன் அண்ணை சனி எண்டவர்?" என்று அன்றைக்கே உன் மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். இன்று ஹெல்மெட்டைத் தரும்போதும் கேட்டாள். பேந்து கதைப்பம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஹெல்மெட் இப்போது என் மடியில் இருக்கிறது. அவளிடம் எப்படித் தொடங்குவது என்று பின்னால் நின்று சொல்லித்தர எனக்கு ஒருவரும் இல்லை மச்சான்.